புளோறன்ஸ் மாமியின் ஓம்

ஒஸ்லோவின் தென்கிழக்கே, ஹொல்ம்லியா மேட்டில் குடியிருக்கும் என் மாமி புளோறன்ஸின் வாயிலிருந்து ஒரு நாளில் அதிகம் வெளியேறுகிற சொல் ‘ஓம்’. யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லோரும் ஆமாம் என்பதற்கு ஓம் என்றுதான் சொல்வோம். ஆனால் மாமியிடம் அதில் பல சாதி உண்டு. வெட்டி விழுகிற ஓம், காதில் விழுந்தது என்பதற்கு. இழுபடுகிற ஓம், நம்பவில்லை என்பதற்கு. ‘ஓமோம்’ என்று இரட்டையாக வந்தால் நக்கல். ‘ஓமப்பா’ என்றால் மறுமுனையில் ஸ்ரனிஸ்லாஸ் மாமா நின்று ஏதோ விளக்குகிறார், மாமி அதைக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாமா ஓய்வு பெறும்வரை ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் போர்க்லிப்ற் ஓடியவர். வாகனம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், போர்க்லிப்ற் கதை ஒன்று வரும். எந்தக் கதையிலும் கடைசியில் ஏதாவது ஒரு பெட்டி விழாமல் தப்பும்.

மாமிக்கு வேலை, முதியவர்களின் வீடுகளுக்குப் போய் மருந்து கொடுப்பது, குளிக்க வார்ப்பது, காலுக்கு இறுக்கமான காலுறை ஏற்றிவிடுவது. ஹொல்ம்லியாவின் ஏற்ற இறக்கங்களில் பனிக்காலம் முழுக்கச் சப்பாத்தின் அடியில் ஆணி வைத்த ரப்பரை மாட்டிக்கொண்டு நடப்பார். லைசென்ஸ் உள்ள சக ஊழியர்கள் சின்ன வெள்ளை மின்சாரக் கார்களில் கை காட்டியபடி கடந்து போவார்கள். கார் ஓடத் தெரிந்தால்தான் நிரந்தரச் சுற்று தருவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மாமி தினமும் செபமாலை சொல்கிற கத்தோலிக்க மனுசி. என்றாலும் அந்த நாட்களில் பேதுருவின் கையிலிருந்த மோட்சத்துச் சாவியைவிட அந்த மின்சாரக் காரின் சாவிதான் அவர் கண்ணுக்குள் நின்றது.

குறுக்கே நின்றது ஒப்ஷோரிங். லைசென்சுக்காகப் பரீட்சகரை அருகில் இருத்தி ஓடிக்காட்டும் சோதனையை இங்கே எங்கள் ஆட்கள் நோர்வேஜியச் சொல்லாலேயே அப்படிச் சொல்வார்கள். மாமிக்குக் கார் ஓடத் தெரியும். விட்டுக்கொடுக்காமல் இருக்கத்தான் தெரியாது. முதல் சோதனையில் ஒரு சுற்றுவட்டத்தின் வாசலில் நின்றவர், யாராவது ஒருவர் வந்துகொண்டே இருந்தபடியால் எல்லோரையும் போகவிட்டார். வலப்பக்கம் வந்தவர்களை விட்டார், இடப்பக்கம் வந்தவர்களை விட்டார், பின்னால் நின்று ஒலியெழுப்பியவருக்கும் “நீங்கள் முதல்லை போங்கோ” என்று கை காட்டினார். கடைசியில் நாயோடு நடந்து வந்த ஒருவருக்கு வழிவிட்டபோது பரீட்சகர் தன் பேனையை மூடினார்.

இரண்டாவது சோதனையைக் கெடுத்தது ஓம்.

நோர்வேஜிய மொழியிலும் அந்தச் சொல் இருக்கிறது. சற்றுக் குறுக்கி ‘ஒம்’ என்பார்கள். பொருள்தான் வேறு. ‘மழை வந்தால்’ என்கிறோமே, அந்த ‘ஆல்’தான் அவர்களுடைய ஒம். நம்மிடம் சொல்லின் வாலில் தொங்குவது அவர்களிடம் வாக்கியத்தின் தலையில் ஏறி உட்காரும். மாமி பதற்றம் வந்தால் நோர்வேஜிய மொழியின் ‘யா’வை மறந்துவிடுவார். அடுத்த சந்தியில் இடப்பக்கம் திரும்பு, சரியா என்று பரீட்சகர் கேட்க, மாமி “ஓம்” என்றார். ‘திரும்புகிறேன், ஆனால் இப்படி நடந்தால்’ என்று ஏதோ நிபந்தனை வரப்போகிறது என அந்த மனிதர் காத்திருந்தார். வரவில்லை. “ஒம்?” என்று அவரே எடுத்துக் கொடுத்தார். தன் சொல்லையே அவரும் சொல்கிறாரே, நல்ல மனுசன் என்று மகிழ்ந்து மாமி “ஓம், ஓம்” என்றார். இருவரும் ஒருவரையொருவர் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கையில் சந்தி கடந்து போனது.

அறிவுறுத்தல் விளங்குவதில்லை என்று எழுதிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் சில தடவை நடந்தது. அவற்றை மாமி கணக்கில் எடுப்பதில்லை, நானும் எடுக்கவில்லை. பிரச்சினை என்னவென்றால், முன்னர் பாடுபட்டுச் சித்தியடைந்த எழுத்துச் சோதனையின் காலம் அந்த ஆவணியோடு முடிகிறது. அதற்குள் ஓடிக்காட்டாவிட்டால் முழுப் புத்தகத்தையும் திரும்பப் படிக்க வேண்டும். அந்தப் புத்தகத்தை முதல் தடவை படித்த காலத்தில் மாமி நித்திரையில் வீதிச் சின்னங்களின் பெயர் சொன்னதாக மாமா சொல்வார். இன்னொரு தடவை படிப்பதைவிட ஆணிச் சப்பாத்தோடு சாகலாம் என்று மாமி முடிவெடுத்திருந்தார். ஆகவே மிச்சம் இருந்தது ஒரேயொரு சோதனை.

அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாயிற்று. வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுதிரி அனுப்பியாயிற்று. கூட வேலை செய்யும் கமலாதேவி அன்ரியின் மூலம் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் இரகசியமாக உடைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து நான் யப்பானிலிருந்து குடும்பக் குழுவுக்கு ஒரு படம் அனுப்பினேன். நான் அப்போது டோக்கியோவில் ஒரு தங்குவிடுதியில் படுக்கைவிரிப்பு மாற்றிக்கொண்டு ஊர் சுற்றிய காலம். படத்தில் ஒரு புத்த கோயிலின் முற்றம். கார்கள் வரிசையாக முன்மூடியையும் கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, பிக்கு ஒருவர் அவற்றுக்கு ஓதிக்கொண்டிருக்கிறார்.

சிரிப்பதற்காக அனுப்பிய படம். மாமி சிரிக்கவில்லை. தொலைபேசியில் வந்தார்.

“பிள்ளை நிலூஜா, அந்தச் சாமிமார் கார் இல்லாத ஆக்களுக்கும் ஓதுவினமோ?”

அவர் யப்பானுக்கு வருகிறார் என்ற செய்தி ஹொல்ம்லியாவில் பரவியபோது ஸ்ரனிஸ்லாஸ் மாமா மனம் உடைந்து போனாராம். அந்தோனியாரை விட்டுவிட்டுப் போவது ஒரு பக்கம். போகிற இடம் அதைவிடப் பெரிய கவலை.

“போயும் போயும் புத்தரிட்டையோ? அவர் எங்கடை ஊருக்கு வந்தால் விகாரை கட்ட முதல்லை காணியெல்லோ கேப்பார்?”

“அவர் வரேல்லை, நான்தானே போறன்” என்றாராம் மாமி. “என்னட்டைக் காணியும் இல்லை.”

பங்குனி மாதக் குளிரில் வந்து இறங்கினார். ஒரு பெட்டி முழுக்க மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும். மறு பெட்டியில் துணிகளுக்கு நடுவே, தண்ணீர் படாதபடி சுற்றி, ஒரு டானா.

டானா என்றால், பழகுநர் காரின் பின்பக்கம் ஒட்டி வைக்கும் காந்தத் தகடு. வெள்ளைத் தகட்டில் சிவப்பு நிறத்தில் ஆங்கில ‘எல்’. எங்கள் கண்ணுக்கு அது அச்சாகத் தமிழ் ‘ட’ மாதிரியே இருப்பதால் குடும்பத்தில் எல்லோரும் அதை டானா என்போம். காரைக் கொண்டுவர முடியாது, காரின் முத்திரையைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று மாமி விளக்கினார். தூதரகத்துக்குக் கடவுச்சீட்டு கொண்டுபோகிறவரைப் போல அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நேரே அந்தக் கோயிலுக்குப் போகலாம் என்றேன். அதற்கு மாமி ஒத்துக்கொள்ளவில்லை. யாத்திரை என்றால் கால் நோக வேண்டுமாம். யப்பானில் அதிர்ஷ்டம் தேடுகிறவர்கள் ஏழு தெய்வங்கள் இருக்கும் ஏழு கோயில்களைச் சுற்றி வருவார்கள் என்று நான் ஏதோ ஒரு ஆர்வத்தில் சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாட்கள் நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் மாமி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ஒரு கோயிலில் தெய்வம் மீனும் தூண்டிலுமாக இருந்தார். மாமி ஊர்காவற்றுறைக் கடற்கரையில் பிறந்தவர். தூண்டில் பிடித்த விதத்தை உற்றுப் பார்த்து, இவர் ஒருநாளும் மீன் பிடித்தவர் இல்லை என்றார். இன்னொரு கோயிலில் வீணை மாதிரி ஒன்றை மடியில் வைத்தபடி ஒரு பெண் தெய்வம். அவர் சரஸ்வதியேதான், யப்பானுக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டார் என்று பலகையில் வாசித்துச் சொன்னேன். மாமிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. “பாவம், அவவும் எங்களை மாதிரி வந்து இருந்திட்டா” என்றார். கமலாதேவி அன்ரிக்குப் படமும் அனுப்பினார்.

மூன்றாம் நாள் கார்க் கோயில்.

முற்றத்தில் கார்களுக்கு ஓதுவது போல, உள்ளே மண்டபத்தில் ஆட்களுக்கு வேள்வி நடந்தது. நடுவே நெருப்பு. பக்தர்கள் கைப்பைகளையும் கார்ச்சாவிகளையும் நீட்ட, பிக்குகள் அவற்றை வாங்கிச் சுவாலைக்கு மேலே பிடித்துத் திருப்பித் தருவார்கள். அன்று எங்களுக்கு முன்னே வெள்ளை மேலங்கி அணிந்த முதிய யாத்திரிகர் கூட்டம் ஒன்று. எங்களுக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தது. முழங்காலில் இருக்க முடியாதென்று மாமிக்கு ஒரு குட்டிக் கதிரை தந்தார்கள். குளிருக்குத் தலையையும் காதையும் சால்வையால் மூடிக்கொண்டு, டானாவை மடியில் வைத்துக் கண்ணை மூடி இருந்தார்.

சால்வைக்குள், மாமியின் காதில், தொலைபேசியோடு இணைந்த பொத்தான் அளவு காதொலிப்பான் இருந்ததை நான் மறந்துவிட்டேன். மாமியும் மறந்துவிட்டார். ஒஸ்லோவில் அப்போது காலை. ஸ்ரனிஸ்லாஸ் மாமா காரடிக்குப் போய் அங்கிருந்தே அழைத்திருக்கிறார், அழைப்பு தானாகவே மாமியின் காதுக்குள் வந்துவிட்டது.

“இஞ்சாருமப்பா, காருக்குப் பின்னாலை டானாவைக் காணேல்லை. நீரோ கழட்டிக்கொண்டு போனது?” இதை மாமி பிறகுதான் எனக்குச் சொன்னார். அந்த நேரம் மண்டபத்துக்குக் கேட்டது மறுபாதி மட்டும்.

“ஓம்.”

என்னைக் கேட்காமலோ என்றாராம் மாமா.

“ஓம்.”

புத்தரிட்டைக் காட்டவோ?

“ஓ…ம்.”

உமக்கு என்ன விசரோ?

“ஓமோம்.”

வெள்ளை மேலங்கிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கண் மூடிய முகம், மூடிய தலை, மடியில் சிவப்பு எழுத்துப் பொறித்த ஒரு வெண்தகடு, அடிவயிற்றிலிருந்து வருகிற ஓம். மாமா விடாமல் போர்க்லிப்ற் காலத்தில் ஒருவர் இப்படித்தான் ஒரு பலகையைக் கழற்றிக்கொண்டு போனதாகக் கதையைத் தொடங்கிவிட்டார். மாமி வழக்கம்போலக் கதையின் ஓட்டத்துக்கு ஏற்ப, சீரான இடைவெளியில், ஓம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. பக்கத்தில் இருந்த கிழவியார் ஒருவர் கைகூப்பி அவரோடு சேர்ந்து ஓம் என்றார். அடுத்த வரிசை சேர்ந்தது. மாமாவின் கதையில் வழக்கமான பெட்டி விழாமல் தப்பிய நேரத்தில் அரை மண்டபமே ஓம் சொல்லிக்கொண்டிருந்தது.

மூத்த பிக்கு எழுந்து வந்து மாமியின் முன்னே முழங்காலில் அமர்ந்து வணங்கினார். மாமி கண்ணைத் திறந்தார். பதறிப்போய் அவரும் வணங்கினார்.

பிக்கு என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த யப்பானிய மொழி துவாயும் காலைச் சாப்பாடும் சுடுதண்ணியும் பற்றியது. இவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று கேட்கிறார் என்பது மட்டும் விளங்கியது. உண்மையைத்தான் சொன்னேன். கத்தோலிக்கம் என்றேன். “கத்தோரிக்கு” என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொல்லித் தலையசைத்தார். எங்கோ பனிமலையில், பேசாத துறவிகள் இருக்கும் ஒரு பிரிவு என்று நினைத்திருப்பார்.

எங்களை முன்வரிசைக்குக் கொண்டுபோய் இருத்தினார்கள். முரசு அதிர்ந்தது. மாமி அந்தச் சத்தத்துக்குள் ‘அருள்நிறை மரியே’ சொல்வது எனக்கு மட்டும் கேட்டது. டானாவை இரு கைகளாலும் நீட்டினார். மற்றவர்களின் பைகளைச் சும்மா ஒரு தரம் காட்டிவிட்டுக் கொடுத்த பிக்கு, இதை மரியாதையோடு அதிக நேரம் நெருப்பின் மேலே பிடித்தார். கைப்பைகள் தாங்கும். காந்தத் தகடு தாங்குமா? திரும்பி வந்தபோது அதன் வலது மூலை உருகி மேலே சுருண்டிருந்தது. படுத்திருந்த கோட்டின் நுனி நிமிர்ந்து, டானா ஒரு பானாவாக மாறியிருந்தது.

மாமி அதை மார்போடு அணைத்துக்கொண்டார். படத்தை உடனே ஒஸ்லோவுக்கு அனுப்பினார். ‘ட’ போய் ‘ப’ வந்திருக்கிறது, பானா என்றால் பாஸ், புத்தரே சொல்லிவிட்டார் என்று கீழே எழுதினார்.

மாமாவின் பதில் வர அதிக நேரம் ஆகவில்லை. “பெயிலுக்கும் பானாதான்.”

 ரயிலில் வரும்போது மாமி தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன், ஆனால் மாமா சொன்னதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சித்திரையில் நானும் ஒஸ்லோவுக்குத் திரும்பினேன். அடுத்து எந்த நாட்டுக்குப் போகலாம் என்று உலக வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த என்னை மாமி பயிற்சிக் காரின் பின்சீட்டில் ஏற்றிவிட்டார். முன்சீட்டில் அவருடைய மகன் கிளின்ரன். வீட்டில் ஓமுக்குத் தடை விதித்தவன் அவன்தான். சோதனை முடியும்வரை அம்மா ‘யா’ மட்டும் சொல்ல வேண்டும். ஒரு ஓம் தவறி விழுந்தால் தண்டனையாக அப்பாவின் போர்க்லிப்ற் கதை ஒன்றைக் கடைசிவரை கேட்க வேண்டும். மாமா இதை மிகவும் வரவேற்றார்.

வெறும் ‘யா’ போதாதென்று கிளின்ரன் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தான். இங்கத்தைய ஆட்கள் சில வேளை ‘யா’வை வெளியே விடாமல் மூச்சை உள்ளே இழுத்துச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிற மாதிரி இருக்கும் என்றான். மாமி சமைக்கும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் மூச்சை இழுத்து இழுத்துப் பழகினார். அவர் காலுறை ஏற்றிவிடும் ஒரு முதியவர் பயந்துபோய், நீ கொஞ்சம் இரு என்று தன் கதிரையை விட்டு எழுந்தாராம்.

சோதனை நாள் ஆவணியின் கடைசிக் கிழமையில் வந்தது. பரீட்சை நிலையத்து வாங்கில் மாமாவும் கிளின்ரனும் நானும் வரிசையாக இருந்தோம். மாமா வரும் வழி முழுக்கப் புத்திமதி சொல்லி முடித்திருந்தார். மாமியின் கைப்பையில் பானா இருந்தது. காருக்குள் நடந்ததை மாமி எத்தனையோ தடவை எங்களுக்குச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சுற்றுவட்டம் பெரிதாகிறது, மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

பரீட்சகர் கட்டையாக வெட்டிய நரைமுடியோடு ஒரு நெடிய பெண்மணி. தயாரா என்று கேட்டார். மாமி பழகியபடி மூச்சை உள்ளே இழுத்தார். பதற்றத்தில் அதிகமாக இழுபட்டுவிட்டது. பெண்மணி திடுக்கிட்டு, உனக்கு ஆஸ்துமாவா, மருந்து வைத்திருக்கிறாயா என்று கேட்டு இருக்கைப் பட்டியைக் கழற்றத் தொடங்கினார்.

சோதனை அங்கேயே முடியப்போகிறது என்று மாமிக்குத் தெரிந்தது. இழுத்த மூச்சை எங்கேயாவது விட வேண்டுமே. அது வெளியே வந்தது, அந்த மண்டபத்தில் வந்த மாதிரியே, அடிவயிற்றிலிருந்து, சாவகாசமாக.

“ஓ…ம்.”

“ஒம்?” என்றார் பெண்மணி.

அதே கேள்வி, அதே பார்வை. இந்தத் தடவை மாமிக்கு அந்தச் சொல்லின் மறுபக்கம் ஞாபகம் வந்துவிட்டது. தொடங்கிய வாக்கியத்தை முடித்தே ஆக வேண்டும். முன்னே பார்த்தார். வாகனத் தரிப்பிடத்தின் வாசல் தெரிந்தது.

“ஒம்… வலப்பக்கத்தால் கார் வந்தால், நான் நிற்பேன்” என்றார் நோர்வேஜிய மொழியில்.

பெண்மணி பட்டியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். சரி, போகலாம் என்றார்.

அதன் பிறகு மாமியின் ஓம் நிற்கவேயில்லை. இடப்பக்கம் திரும்பு என்றால் ஓம் என்று வாய் முந்தும். உடனே மாமி அதற்கு ஒரு வால் தேடுவார். ஒம் சைக்கிள்காரர் பின்னால் இருந்தால், அவரை விடுவேன். ஒம் அந்தப் பிள்ளை வீதிக்கு இறங்கினால், பிரேக் போடுவேன். ஒம் பஸ் வெளியே வரச் சைகை காட்டினால், வழிவிடுவேன். தெருவில் இருந்தவை, இல்லாதவை, வரக்கூடியவை எல்லாவற்றையும் மாமி சொல்லிக்கொண்டே ஓடினார்.

பிறகு சுற்றுவட்டம் வந்தது.

கார்கள் வந்துகொண்டே இருந்தன. மாமி நின்றார். கால் வழக்கம்போலப் பிரேக்கில் வேர் விட்டது. எல்லோரும் போகட்டும் என்று மனம் சொன்னது. இங்கே போகலாம்தானே, என்ன யோசிக்கிறாய் என்று பெண்மணி கேட்டார்.

“ஓம்” என்றார் மாமி. வால் வேண்டுமே. “ஒம் இடைவெளி வந்தால், நான் போவேன்.”

இடைவெளி வந்தது.

சொல்லிவிட்டாரே. சொன்ன பிறகு போகாமல் இருந்தால் பொய் சொன்னதாகிவிடும், அதுவும் அரசாங்க ஆளிடம். மாமி போனார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவருக்கும் கை காட்டாமல், வட்டத்துக்குள் இறங்கி, சுற்றி, வெளியே வந்தார்.

நிலையத்துக்குத் திரும்பி வந்து காரை நிறுத்தியபோது பெண்மணி, வீதியை இவ்வளவு விளக்கமாகச் சொல்லிக்கொண்டு ஓடுகிற ஒருவரைக் கண்டதில்லை என்றார். சில பயிற்சியாளர்கள் இப்படிப் பழக்குவார்கள்தான், யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை, நீ எங்கே பழகினாய் என்று கேட்டார்.

யப்பானில் என்றார் மாமி. அவர் பொய் சொல்வதில்லை.

நாங்கள் வாங்கிலிருந்து எழுந்தோம். மாமி நேராக மாமாவிடம் வந்து கைப்பையைத் திறந்து, சுருண்ட தகட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“பானா” என்றார்.

மாமா தகட்டைத் தொடாமல் குனிந்து பார்த்தார். “எந்தப் பானா?”

மாமி கையில் இருந்த தற்காலிக லைசென்சைத் தகட்டின் மேலே வைத்தார். கிளின்ரன் அம்மாவைத் தூக்கிவிட்டான். மாமா மூக்கைச் சிந்தினார், தடிமன் என்றார். அந்தோனியாருக்கு நன்றிப் பூசை, பிள்ளையாருக்கு இன்னொரு தேங்காய், அந்தப் பிக்குவுக்கு ஒரு வாழ்த்துமடல் என்று மாமி அங்கேயே பங்கு பிரித்தார். யாருக்கும் குறை வைக்கவில்லை. திங்கட்கிழமை முதல் வெள்ளைக் கார் அவருக்கு. முதியவர்கள் எல்லோரும் காலுறைக்காகக் கொஞ்சம் முந்தியே எழும்ப வேண்டியிருக்கும்.

ஆனால் அது திங்கட்கிழமை. இன்றைக்கு ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போகிறோம், நான்தான் ஓடுவேன் என்று மாமி தரிப்பிடத்தில் நின்ற குடும்பக் காரின் சாவிக்குக் கை நீட்டினார். மாமா சாவியைக் கொடுத்தார். கொடுத்த பிறகு எங்கே நிற்பதென்று அவருக்குத் தெரியவில்லை. காரின் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் சிறிது நேரம் நின்றார்.

“நான் முன்னுக்கு ஏறட்டோ?”

மாமி கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தார்.

“ஓம்” என்றார். பிறகு, அவசரமில்லாமல், அதன் வாலையும் சேர்த்தார். “வாயைத் திறக்காமல் இருந்தால்.”

மாமா ஏறினார். முதல் சுற்றுவட்டம் வரைக்கும் தாங்கினார்.